பட்டை இடுக்கில் எண்ணெய்

ஃபோர்டு மாடல் டி காரை வாங்கியவர்களுக்காக நிறுவனம் ஒரு கையேடு வெளியிட்டது. கேள்வியும் பதிலுமாக எழுதப்பட்ட சிறு புத்தகம். ஸ்பிரிங்குகளுக்கு எண்ணெய் இட வேண்டுமா என்பது அதிலுள்ள கேள்விகளில் ஒன்று. பதில் தயக்கமில்லாமல் வருகிறது. ஆம், அடிக்கடி இட வேண்டும். எண்ணெயோ கிராஃபைட்டோ எதுவானாலும் சரி, பட்டைகளை நுனிப் பக்கம் நெம்பி விலக்கி உள்ளே செலுத்த வேண்டும். வண்டியை முழுதாகப் பிரித்து வேலை பார்க்கும்போது ஸ்பிரிங்கையும் கழற்றி, ஒவ்வொரு பட்டையையும் எமரித் துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கி, கிராஃபைட் பூசி மறுபடி அடுக்க வேண்டும். துரு சேராமலிருக்கச் சீக்கிரம் உலரும் கறுப்பு பெயின்ட் அடிக்கலாம்.

1908 அக்டோபரில் அறிமுகமாகி 1927 மே வரை சுமார் ஒன்றரைக் கோடி மாடல் டி கார்கள் தயாராயின. பட்டறை பக்கத்தில் இல்லாத பண்ணைக்காரர், கையிலிருக்கும் கருவிகளை வைத்துத் தானே சரிசெய்துகொள்ளட்டும் என்று நினைத்து உருவாக்கிய வண்டி அது. அப்படிப்பட்ட வண்டிக்கு இவ்வளவு அலுப்பான ஒரு வேலையை ஏன் விதித்தார்கள்? பட்டைகளுக்கு நடுவே, கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் நடப்பதைப் புரிந்துகொண்டால் அந்தக் கையேட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் இருப்பது தெரியும்.

நம் லாரிப் பட்டறைகளில் கமான் பட்டை என்கிறார்களே, அதுதான் இது. லாரியில் அது வண்டியின் நீளவாக்கில், சக்கரத்துக்கு ஒன்றாக இருக்கும். மாடல் டியில் மொத்தமே இரண்டு. முன் அச்சின் மேல் குறுக்காக ஒன்று, பின் அச்சின் மேல் குறுக்காக ஒன்று. இரண்டும் மேல்நோக்கி வளைந்தவை. நடுப்பகுதி சட்டத்தோடு இறுக்கப்பட்டிருக்கும், இரு முனைகளும் ஷேக்கிள் என்ற ஆடும் இணைப்பு வழியாக அச்சைப் பிடித்திருக்கும். இவற்றைத் தவிர சாலைக்கும் பயணிக்கும் இடையே டயர் மட்டுமே. ஷாக் அப்சார்பர் எதையும் தொழிற்சாலை பொருத்தித் தரவில்லை. இந்தக் கடைசித் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மசகு விஷயத்தில் எல்லாச் சச்சரவும் அதிலிருந்துதான் கிளம்புகிறது.

ஸ்பிரிங்கைப் பல பட்டைகளாக அடுக்கியது ஏன் என்பதிலிருந்து தொடங்குவோம். ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை இரு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும். வளையும்போது பக்கங்களின் விளிம்பு சாய்ந்து படிக்கட்டுபோல் ஆகும், அதாவது ஒவ்வொரு தாளும் தன் அடுத்த தாளின் மேல் சற்றே நகர்ந்திருக்கிறது. அதே நோட்டின் எல்லாத் தாள்களையும் பசையிட்டு ஒட்டிவிட்டால் அது பலகையாகிவிடும். தாள்களின் எண்ணிக்கை மாறவில்லை, பொருளும் மாறவில்லை. நகரும் உரிமை மட்டும் போய்விட்டது.

எஃகுப் பட்டையிலும் இதுவே நடக்கிறது, இங்கே கணக்கிட்டும் பார்க்கலாம். ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மூன்றாம் அடுக்குக்கு நேர் விகிதத்தில் இருக்கும். தடிமனை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். ஒரே நீளமுள்ள ஏழு பட்டைகளை அடுக்கி, அவை ஒன்றின்மேல் ஒன்று தடையின்றி வழுக்கும்படி விட்டால் மொத்த விறைப்பு ஒரு பட்டையைப்போல 7 மடங்கு. அதே ஏழும் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டையானால் 7 × 7 × 7, அதாவது 343 மடங்கு. இரண்டுக்கும் இடையே 49 மடங்கு வித்தியாசம். உண்மையான ஸ்பிரிங்கில் பட்டைகள் படிப்படியாகக் குறுகுவதால் எண் இதே அளவில் வராது, ஆனால் போக்கு இதுதான். ஒட்டிக்கிடக்கும் ஏழு பட்டை ஸ்பிரிங்காக இருப்பதை விட்டு உத்தரமாகிவிடுகிறது.

அப்படியானால் ஒரே மெல்லிய பட்டை போதாதா? போதாது, அது எடையைத் தாங்காது. தடித்த ஒரே பட்டை வைத்தால் எடையைத் தாங்கும், ஆனால் அதை வளைக்கும்போது மேற்பரப்பு அளவுக்கு மீறி இழுபட்டு உடையும். மெல்லிய பட்டை நிறைய வளையும், முறியாது. அதனால் மெல்லியவற்றைப் பலவாக அடுக்கினார்கள். நுனியைவிட நடுவில் வளைவிசை அதிகம் என்பதால் நடுவில் பட்டைகளின் எண்ணிக்கையும் அதிகம். சாய்சதுர வடிவத் தகடு ஒன்றை நீளவாக்கில் கீற்றுகளாக அறுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வரும் வடிவம் அது. எஃகின் எந்த இடமும் சும்மா இருக்காது, எந்த இடமும் அளவுக்கு மீறி உழைக்காது. லண்டனில் குதிரை வண்டி கட்டிய ஒபதையா எலியட் 1804-இல் நீள்வட்ட ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். மாடல் டி அந்த வம்சத்தில் வந்தது.

பட்டைகள் எவ்வளவு தூரம் நகர்கின்றன? நடுவிலிருந்து நுனிவரை அரை மீட்டர் நீளம், 6 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் 25 மில்லிமீட்டர் ஏறினால் நுனியருகே பட்டைகளின் சறுக்கல் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். நடுவிலோ, யூ போல்ட் இறுக்கிய இடத்தில், ஏறக்குறைய சுழியம். இந்த அரை மில்லிமீட்டர்தான் இந்த அத்தியாயத்தின் களம். பட்டைகள் முழு நீளத்துக்கும் சமமாக அழுந்திக்கொண்டிருப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குறுகிய பட்டைக்கு வேண்டுமென்றே கூடுதல் வளைவு கொடுத்திருப்பார்கள். பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டை இறுக்கும்போது ஒவ்வொன்றின் நுனியும் அடுத்த நீளமான பட்டையின் மீது அழுந்தும். அழுத்தம், சறுக்கல் இரண்டும் அதிகமாக இருக்கும் இடம் நுனி. நுனிப் பக்கம் நெம்பச் சொன்ன கையேடு சரியான இடத்தைத்தான் காட்டியிருக்கிறது. நடுவில் எண்ணெய் ஊற்றுவது வீண்.

இனி எண்ணெயைப் பற்றி. எண்ணெய் எப்படி வேலை செய்கிறது என்பது 1883 வரை யாருக்கும் சரியாகத் தெரியாது. அந்த ஆண்டு பியூசாம்ப் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ரயில் அச்சுத் தாங்கியை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் துளையிட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது. கார்க் வைத்து அடைத்தார், அதைத் தள்ளியது. மரக்கட்டை வைத்தார், அதையும் மெல்ல வெளியே தள்ளியது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, தாங்கியின் மேலிருந்த சராசரிச் சுமையைவிட இருமடங்குக்கும் மேலான அழுத்தம் எண்ணெயில் இருந்தது. சுழலும் அச்சு எண்ணெயை ஆப்புபோலக் குறுகும் இடைவெளிக்குள் இழுத்துச் சென்று, தானே அதன்மேல் மிதந்துகொண்டிருந்தது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார். அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்புகளில் ஒன்று இது. அடைக்கப்போன ஒரு துளை ஒரு புதிய துறையையே திறந்துவிட்டது.

ஆனால் இந்த மிதப்பு கமான் பட்டைக்குக் கிடைக்காது. மிதக்க வேண்டுமென்றால் ஒரே திசையில், வேகமாக, தொடர்ந்து ஓட வேண்டும். பட்டையோ அரை மில்லிமீட்டர் போய் நின்று, அரை மில்லிமீட்டர் திரும்பி வந்து மறுபடி நிற்கிறது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் எண்ணெய்ப் படலம் பிதுங்கி வெளியேறுகிறது. எஃகின் மேடுகள் எஃகின் மேடுகளைத் தொட்டுவிடுகின்றன. அப்போது காப்பாற்றுவது சில மூலக்கூறுகள் மட்டுமே தடிமனுள்ள ஒரு தோல். கேம்பிரிட்ஜில் வில்லியம் ஹார்டியும் ஐடா டபுள்டேயும் 1922-இல் இந்த நிலையை ஆராய்ந்து எல்லை மசகு என்று பெயரிட்டார்கள். கொழுப்பு அமிலங்கள் போன்ற நீண்ட மூலக்கூறுகள் ஒரு முனையால் உலோகத்தைப் பற்றிக்கொண்டு, மறுமுனையை வெளியே நீட்டி நிற்கின்றன. இரு பரப்புகளிலும் இப்படி நிற்கும்போது உலோகத்துக்குப் பதிலாக அந்த நுனிகளே உரசிக்கொள்கின்றன. உலர்ந்த எஃகின் மேல் எஃகு நகரும்போது உராய்வுக் கெழு 0.5-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும். நல்ல எல்லை மசகு அதைச் சுமார் 0.1-க்கு இறக்கிவிடும்.

இந்த வேலைக்குத் திரவத்தைவிடத் திண்மப் பொருள் பொருத்தம், ஏனென்றால் அது பிதுங்கி ஓடாது. கிராஃபைட்டில் கரி அணுக்கள் அறுகோண வலைகளாக, தாள் தாளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தாளுக்குள் பிணைப்பு மிக வலுவானது, தாளுக்கும் தாளுக்கும் இடையே மிகப் பலவீனமானது. அதனால் வழுக்குகிறது என்று பள்ளிப் பாடம் சொல்லும். அது பாதி உண்மை. இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் ஜெனரேட்டர்களில் கார்பன் பிரஷ்கள் விரைவாகத் தேய்ந்து தூளாயின. ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் சேவேஜ் 1948-இல் காரணத்தை வெளியிட்டார். கிராஃபைட் வழுக்குவதற்குக் காற்றில் நீராவி வேண்டும். மேலே காற்று வறண்டிருந்ததால் அது தேய்ப்புத்தாள்போல நடந்துகொண்டது. தரையில் ஓடும் காருக்கு நீராவிப் பஞ்சம் இல்லை. ஆனால் வேறொரு குறை உண்டு. கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். உப்புநீர் இடுக்கில் தேங்கினால் எஃகும் கிராஃபைட்டும் சேர்ந்து சிறு மின்கலமாகி, எஃகு அரிக்கப்படும். கடலோர ஊர்களில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் உலர்ந்த கிராஃபைட் தூளை மட்டும் நம்பக் கூடாது, நீரை விலக்கும் கிரீஸில் கலந்தே பூச வேண்டும். கிராஃபைட்டின் உறவுக்காரனான மாலிப்டினம் டைசல்ஃபைடு நேரெதிர் சுபாவம் கொண்டது. வறண்ட இடத்தில், விண்வெளியில்கூட, அருமையாக வழுக்கும். ஈரத்தில் சற்றுச் சோர்ந்துபோகும். அதையும் கிரீஸோடு சேர்த்தால் சிக்கல் குறைவு. இப்போது கடையில் கிடைக்கும் லித்தியம் கிரீஸ் 1940களில் கிளாரன்ஸ் ஏர்ல் காப்புரிமை பெற்ற கலவையின் வழி வந்தது. மாடல் டி காலத்தவர்க்கு அது இல்லை.

மசகு இல்லாவிட்டால் இடுக்கில் என்ன ஆகும்? ஒடுங்கிய இடைவெளி எண்ணெயை எப்படி உறிஞ்சுமோ அப்படியே மழைநீரையும் உறிஞ்சும், வெயில் வந்தாலும் எளிதில் விடாது. அந்த நீரோடு அரை மில்லிமீட்டர் உரசலும் சேரும். மேடுகள் பிய்கின்றன. பிய்ந்த துகள் உடனே ஆக்சைடாகிச் செம்பழுப்புப் பொடியாகிறது. பரப்பு நகரும் தூரம் மிகக் குறைவு என்பதால் அந்தப் பொடி வெளியேற வழியில்லை, அங்கேயே கிடந்து மேலும் அராவுகிறது. துரு தான் தோன்றிய இரும்பைவிடப் பலமடங்கு இடம் கேட்கும். பட்டைகளின் விளிம்பு அகன்று விரிந்திருப்பதைப் பழைய வண்டிகளில் பார்க்கலாம், துரு நெம்பியதால் வந்தது அது.

இதைவிடக் கவலை தருவது முறிவு. ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் ரயில் அச்சுகளை ஆராய்ந்து காட்டியதுபோல, ஒரே முறை தாங்கும் சுமையைவிட மிகக் குறைந்த சுமையும் லட்சக்கணக்கான முறை வந்து போனால் எஃகை முறித்துவிடும். விரிசல் பெரும்பாலும் இழுபடும் மேற்பரப்பில், ஏதாவதொரு சிறு குழியிலிருந்து கிளம்பும். கமான் பட்டையில் இழுபடுவது உள்வளைந்த முகம். எல்லாவற்றிலும் நீளமான மெயின் பட்டையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அந்த முகம் அடுத்த பட்டையோடு ஒட்டி, இடுக்குக்குள் மறைந்திருக்கிறது. துருக் குழி விழுவதும் அங்கேதான், விழுந்தாலும் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஃபோர்டு தன் ஸ்பிரிங்குகளுக்கு வனேடியம் எஃகைப் பயன்படுத்தியது, அன்றைக்கு அது உயர்ந்த பொருள். உயர்ந்த எஃகும் துருக் குழியிலிருந்து தப்ப முடியாது.

இவ்வளவும் படித்தபின், கிரீஸை அள்ளிப் பூசினால் முடிந்தது என்று தோன்றும். அனுபவம் மிக்க மெக்கானிக்குகள் சிலர் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. பட்டைக்கு எண்ணெய் விட்டால் வண்டி ஊஞ்சலாடும் என்பார்கள். அவர்கள் சொல்வதில் இயற்பியல் இருக்கிறது. அழுத்தி விட்ட ஸ்பிரிங் தானாக நிற்காது. அதன் ஆற்றலை யாராவது வெப்பமாக மாற்றியாக வேண்டும். ஷாக் அப்சார்பர் இல்லாத மாடல் டியில் அந்த வேலையைச் செய்தது பட்டைகளுக்கு இடையிலான உராய்வுதான். ஸ்பிரிங்கும் அதன் பிரேக்கும் ஒரே பொருளுக்குள் இருந்தன.

ஆனால் உலர்ந்த உராய்வு மோசமான பிரேக். பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் கூலும் 1780களில் காட்டியபடி, உலர்ந்த உராய்வு வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை. மெல்ல நகர்ந்தாலும் வேகமாக நகர்ந்தாலும் ஏறக்குறைய அதே விசை. தொடங்கும் முன்தான் அது அதிகபட்சம். இதன் விளைவை அந்த 7, 343 என்ற எண்களோடு சேர்த்துப் பாருங்கள். சிறு கல் ஒன்றின் மேல் சக்கரம் ஏறும்போது வரும் விசை உராய்வைத் தாண்டாது. பட்டைகள் நகரவே நகராது, ஸ்பிரிங் அந்த நொடியில் ஒரே கட்டையாக நிற்கும். அதிர்வு முழுவதும் டயருக்கும் முதுகுக்கும் போகும். மாடல் டியின் மெலிந்த டயர்களில் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டை ஒட்டிக் காற்றடிப்பார்கள், அவற்றின் மென்மையை நம்ப முடியாது. பெரிய பள்ளத்தில் விழும்போதோ உராய்வு சட்டென்று தோற்கும், ஸ்பிரிங் மென்மையாகிவிடும், அடக்க வேண்டிய நேரத்தில் அடக்குவதற்குப் போதிய விசை இருக்காது. நல்ல தணிப்பு இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். சிறு அதிர்வுக்கு விட்டுக்கொடுத்து, வேகமான பெரிய அசைவுக்கு இறுகிப் பிடிக்க வேண்டும். சிறு துளைகள் வழியே எண்ணெயைத் தள்ளும் ஹைட்ராலிக் ஷாக் அப்சார்பர் அதைத்தான் செய்கிறது. 1927 டிசம்பரில் வந்த மாடல் ஏ காரில் ஃபோர்டு ஹூடாய் ஹைட்ராலிக் ஷாக் அப்சார்பர்களைப் பொருத்தியது. கமான் பட்டை அதன்பிறகு பிரேக் வேலையிலிருந்து விடுதலையாயிற்று.

ஆகவே என் கருத்து இது. ஹைட்ராலிக் ஷாக் அப்சார்பர் உள்ள எந்தப் பழைய வண்டியிலும் பட்டைகளுக்குத் தாராளமாக மசகிடலாம். விதிவிலக்கு ஒன்று உண்டு. பட்டை நுனிகளுக்கிடையே ரப்பரோ பிளாஸ்டிக்கோ வைத்துத் தயாரித்தவற்றில் கனிம எண்ணெய் கூடாது. ரப்பர் ஊறி உப்பிவிடும், உலர்வாகவே விட வேண்டும். மாடல் டி போன்ற வண்டிகளில் மசகைக் கைவிடுவது தவறு, அளவோடு இடுவதே முறை. ஃபோர்டு கையேடு பளபளப்பாகத் தேய்த்துக் கிராஃபைட் பூசச் சொன்னது இதனால்தான் பொருத்தமாக இருக்கிறது. மெல்லிய கிராஃபைட் பூச்சு உராய்வைக் குறைக்கும், அடியோடு அழிக்காது. எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த உராய்வு இன்றைக்கும் ஆறு மாதம் கழித்தும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். துருவை நம்பி ஓட்டுகிறவருக்கு அந்த நிச்சயம் கிடையாது, மழைக்கு ஒரு வண்டி, வெயிலுக்கு ஒரு வண்டி.

வேலையைச் செய்யும் முறை கடினமானதல்ல, ஆனால் அவசரம் ஆகாது. கழற்றாமல் செய்வதானால், ஜாக்கியைச் சட்டத்துக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, சட்டத்தை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்த வேண்டும். அச்சு தொங்கும்போது ஸ்பிரிங்கின் சுமை குறைந்து நுனிகள் தளரும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. கம்பிப் பிரஷ்ஷால் விளிம்பைச் சுத்தம் செய்து, தட்டையான நெம்பியால் நுனியை விலக்கி, மெல்லிய தகட்டில் கிராஃபைட் கிரீஸ் எடுத்து உள்ளே தள்ளுங்கள். ஷேக்கிள் முளைகளுக்கும் எண்ணெய் விட வேண்டும். ஸ்பிரிங் தட்டையாகும்போது நீளும், அந்த நீட்சிக்கு இடம் கொடுப்பது ஷேக்கிள். அது இறுகியிருந்தால் பட்டையில் செய்த வேலை எதுவும் பயன்தராது.

கழற்றிச் செய்வதானால் ஆபத்து சென்டர் போல்ட்டில் இருக்கிறது. வெவ்வேறு வளைவுள்ள பட்டைகளை அது பலவந்தமாகச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. சும்மா மறையைக் கழற்றினால் பட்டைகள் துள்ளும். அதன் இரு பக்கமும் சி கிளாம்ப் போட்டு இறுக்கியபின் போல்ட்டை எடுத்து, கிளாம்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். துருவை அமிலத்தில் ஊறவைத்து எடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஸ்பிரிங் எஃகுக்கு அது நஞ்சு. அமிலத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கும். கம்பிப் பிரஷ்ஷும் எமரித் துணியும் போதும். நுனிக்கு எதிரேயுள்ள பட்டையில் பள்ளம் தேய்ந்திருக்கும், அந்த விளிம்பைத் தேய்த்துச் சரிவாக்கி, நுனியின் கூர்மையையும் மழுக்குங்கள். இழுபடும் முகத்தில் ஆழமான குழியோ மயிரிழை விரிசலோ தெரிந்தால் அந்தப் பட்டையை மறுபடி மாட்ட வேண்டாம். உள்பரப்புக்குச் சாதாரண பெயின்ட்டைத் தடியாக அடிப்பதும் தவறு. அது உரிந்து சுருண்டு பட்டைகளை மாட்டிவிடும். பிரிட்டனில் 1920களிலும் 30களிலும் ஸ்பிரிங்குக்குத் தோலுறை தைத்து, உள்ளே கிரீஸ் நிரப்பிக் கயிறிட்டுக் கட்டினார்கள். அருமையான ஏற்பாடு அது, உறை கிழியாத வரைக்கும். கிழிந்தால் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

செய்த வேலை பலித்ததா என்று பார்க்க ஓர் அளவு நாடா போதும். வேலையைத் தொடங்கும் முன், வண்டியின் பின்புறத்தைக் கையால் அழுத்தி மெல்ல விடுங்கள். அது நிற்கும் உயரத்தைத் தரையிலிருந்து அளந்துகொள்ளுங்கள். அடுத்து, அதே இடத்தில் கையால் தூக்கி மெல்ல விட்டு மறுபடி அளக்க வேண்டும். உராய்வே இல்லாத ஸ்பிரிங்கானால் இரு முறையும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். துருப்பிடித்த ஸ்பிரிங் வழியிலேயே மாட்டிக்கொண்டு, அழுத்தி விட்டபோது தாழ்ந்தும் தூக்கி விட்டபோது உயர்ந்தும் நிற்கும். அந்த இடைவெளிதான் பட்டைகளின் உராய்வு, மில்லிமீட்டரில் கண்ணுக்குத் தெரியும்படி. மசகிட்ட பிறகு மறுபடி அளந்தால் இடைவெளி சுருங்கியிருக்கும். ஒட்டுமொத்தமாக மறைந்துபோய் வண்டி நெடுநேரம் ஆடினால், வழிந்த கிரீஸைத் துடைத்தெடுத்து, உராய்வுத் தட்டுகள் கொண்ட பழங்காலத் தணிப்பான் பொருத்திய வண்டியானால் அதன் மறையைச் சற்று இறுக்கிக்கொள்ளலாம். இரண்டு அளவுகளையும் தேதியோடு குறித்து வைப்பது நல்லது. இடைவெளி பழையபடி வளரத் தொடங்கும் நாளில் அடுத்த முறை எண்ணெய் விட வேண்டும், கிலோமீட்டர் கணக்கைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.